பட்டையை எண்ணுவதற்கு முன்

பழைய கடற்படைக் கோட்டு ஒன்றோ, யாரோ ஒரு தாத்தாவின் மங்கிய படமோ கிடைத்ததும் இளையவர்கள் கேட்கிற முதல் கேள்வி, “கையில மூணு பட்டை இருக்கு சார், என்ன ரேங்க்?” என்பதுதான். கேள்வியில் தப்பில்லை, வரிசையில்தான் தப்பு. இந்த வேலையில் பட்டையை எண்ணுவது கடைசிப் படி. முன்னால் ஏற வேண்டிய படிகளைக் கீழே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் பிரிட்டிஷ் கடற்படையையும், அதன் அளவெடுத்துத் தைத்துக்கொண்ட இந்திய, இலங்கைப் படைகளையும், வணிகக் கப்பல்களையும் வைத்தே பேசுகிறேன். நம் வீட்டுப் பெட்டிகளிலிருந்து வெளியே வருபவை அவைதான்.

1. எந்தப் படை, எந்தக் காலம் என்று தெரியாமல் எண்ணிக்கைக்குப் பதவி சொல்லாதீர்கள்.

ராயல் நேவி அதிகாரிகளின் கோட்டுக்கையில் சரிகைப் பட்டை வளையமாக ஏறியது 1856-ல். அப்போது கேப்டனுக்கு மூன்று, கமாண்டருக்கு இரண்டு, லெப்டினன்டுக்கு ஒன்று. ஐந்து ஆண்டு போவதற்குள், 1861-ல், ஆளுக்கொன்று கூட்டிவிட்டார்கள். கேப்டனுக்கு நான்கு, கமாண்டருக்கு மூன்று, லெப்டினன்டுக்கு இரண்டு. ஒற்றைப் பட்டை சப்-லெப்டினன்டுக்குப் போனது. ஆக, 1858-ல் எடுத்த படத்தில் மூன்று பட்டையோடு நிற்பவர் கேப்டன். 1865 படத்தில் அதே மூன்றோடு நிற்பவர் கமாண்டர். 1925-ல் ஒரு சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறாரென்றால் பெரும்பாலும் சீஃப் ஆபீசர்.

1856-க்கு முந்திய கோட்டென்றால் இந்தக் கணக்கே செல்லாது. அதிகாரிகளுக்கு முதன்முதலில் சீருடை விதி வந்தது 1748-ல்; தோளில் சரிகைக் குஞ்சம் தொங்கும் எபாலெட் வந்தது 1795-ல். அந்தக் காலத்து ஆட்களின் தகுதியைத் தோளில் தேட வேண்டும். டிரஃபால்கர் போரன்று நெல்சன் அணிந்திருந்த கோட்டு லண்டன் கிரீனிச்சில் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடது தோளில், எபாலெட்டுக்கு அருகே, குண்டு துளைத்த ஓட்டை தெரியும். வலது கை 1797-லேயே டெனரீஃபில் போய்விட்டது. அந்தக் கோட்டின் கைமடிப்புச் சரிகையை 1861 விதிப்படி எண்ணப் புகுந்தால் ஒரு வைஸ் அட்மிரலை இளநிலை அதிகாரியாக இறக்கிவிடுவீர்கள்.

2. அகலத்தைப் பாருங்கள்.

எல்லாப் பட்டையும் ஒரே பட்டை அல்ல. வழக்கமான பட்டை 9/16 அங்குலம். கால் அங்குல மெல்லிய பட்டை ஒன்று உண்டு. 1¾ அங்குலத்தில் அகலப் பட்டை ஒன்றும் உண்டு. அகலப் பட்டை வந்துவிட்டால் ஆள் கொமடோர் அல்லது அட்மிரல் வகை. அகலப் பட்டையும் சுழியும் மட்டும் இருந்தால் கொமடோர். அதன் மேல் வழக்கமான பட்டை ஒன்று ஏறினால் ரியர் அட்மிரல், இரண்டு ஏறினால் வைஸ் அட்மிரல், மூன்று ஏறினால் அட்மிரல்.

இரண்டு வழக்கமான பட்டைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பட்டை இருந்தால் அது ‘இரண்டரை’. 1877-ல், லெப்டினன்டாக எட்டாண்டு பழுத்தவர்களுக்கு இந்த அரைப்பட்டையைக் கொடுத்தார்கள். ஆனால் பதவிப் பெயர் அப்போதும் லெப்டினன்டுதான். லெப்டினன்ட் கமாண்டர் என்ற பெயர் 1914-ல் வந்தது. 1900-ம் ஆண்டுப் படத்துக்குக் கீழே ‘லெப்டினன்ட் கமாண்டர்’ என்று எழுதியிருந்தால், எழுதியவர் பட்டையை மட்டும் பார்த்தவர் என்று புரிந்துகொள்ளுங்கள். அங்காடிகளில் இப்படி எழுதிய அட்டைகள் தாராளமாகக் கிடைக்கும்.

மெல்லிய பட்டை தனியாக ஒன்றே ஒன்று இருந்தால் வாரண்ட் ஆபீசராக இருக்கலாம். மிட்ஷிப்மேனுக்குக் கையில் பட்டையே கிடையாது; அவர் அடையாளம் காலரில் இருக்கும் துண்டுத் துணி. வெள்ளை என்றால் ராயல் நேவி, நீலம் என்றால் ரிசர்வ், மெரூன் என்றால் வாலண்டியர் ரிசர்வ் (இந்த இரண்டும் யார் என்பது 7-ல் வரும்).

3. சுழி இருக்கிறதா, இல்லையா?

மேல் பட்டையில் ஒரு வளையம் சுழித்து எழும்பி நிற்கிறதே, அந்தச் சுழிதான் பிரிட்டிஷ் வழியின் கைநாட்டு. கிரிமியப் போரில் கையில் அடிபட்ட எலியட் என்கிற கேப்டனின் நினைவாக வந்தது என்று ஒரு கதை பல காலமாகச் சுற்றுகிறது. கேட்டுக்கொள்ளுங்கள், குறிப்பில் எழுதாதீர்கள்.

எழுத வேண்டியது வேறு. ஆரம்பத்தில் இந்தச் சுழி கப்பலை நடத்திப் போரிடும் பிரிவு அதிகாரிகளுக்கு மட்டுமே உரியது. டாக்டருக்கு இல்லை, சம்பளக் கணக்குப் பார்க்கும் பேமாஸ்டருக்கு இல்லை, எஞ்சினியருக்கும் இல்லை. நீராவிக் கப்பல் எஞ்சினியர் கையால் ஓடினாலும், மெஸ்ஸில் அவரை எந்த இடத்தில் வைத்தார்கள் என்பதை அந்த வெறும் பட்டையே சொல்லும். எஞ்சினியர்களுக்கு 1915-ல் சுழி கிடைத்தது. மற்றப் பிரிவுகளுக்கு 1918-ல். எனவே அரசமுடிப் பொத்தான் போட்ட கடற்படைக் கோட்டில் சுழி இல்லாமல் நேர்ப்பட்டை மட்டும் இருந்தால், முதல் உலகப் போர் முடிவதற்கு முந்திய டாக்டரோ கணக்கரோ எஞ்சினியரோ என்ற பக்கம் மனதைத் திருப்புங்கள். கோட்டுக்குத் தேதி போட இதைவிட நல்ல பிடி அதிகம் கிடைக்காது.

4. பட்டைக்கு நடுவில் இருக்கும் துணியைப் படியுங்கள். கதையை நம்பாதீர்கள்.

இரண்டு பட்டைகளுக்கு இடையே வண்ணத் துணி தெரியும். 1863-ல் வந்த வழக்கம் இது. டாக்டர்களுக்குக் கருஞ்சிவப்பு, பேமாஸ்டர்களுக்கு வெள்ளை, எஞ்சினியர்களுக்கு ஊதா, வழி செலுத்தும் மாஸ்டர்களுக்கு வெளிர்நீலம். மாஸ்டர் என்ற பதவி மறைந்த பிறகு அதே வெளிர்நீலம் பிற்காலத்தில் ஆசிரியப் பிரிவுக்குப் போனது. பல் டாக்டருக்கு ஆரஞ்சு. இரண்டாம் உலகப் போரில் ரேடார் போன்ற புதுத் தொழில்களுக்காக வாலண்டியர் ரிசர்வில் சேர்த்த சிறப்புப் பிரிவினருக்குப் பச்சை. 1955-ல் மருத்துவம் சார்ந்த பிரிவுகளைத் தவிர மற்ற எல்லோரிடமிருந்தும் இந்தத் துணியை எடுத்துவிட்டார்கள்.

இங்கே ஒரு கட்டுக்கதையை உடைத்தாக வேண்டும். டைட்டானிக் 1912-ல் மூழ்கியபோது அதன் எஞ்சினியர்கள் கடைசிவரை விளக்கெரிய வைத்து மாண்டார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. இது உண்மை. அவர்கள் நினைவாகத்தான் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கப்பல் எஞ்சினியர்களுக்கு ஊதா வழங்கினார் என்று தொடர்ந்து சொல்வதுதான் கதை. மெரின் எஞ்சினியரிங் படித்த பிள்ளைகள் இதைக் கண் கலங்கச் சொல்வார்கள். சில கல்லூரி மேடைகளிலும் கேட்டிருக்கிறேன். ஊதா 1863-லேயே வந்துவிட்டது. டைட்டானிக் கட்டுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் முன்பே ராயல் நேவி எஞ்சினியர் கையில் அது இருந்தது. வணிகக் கப்பல்காரர்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். செத்தவர்களின் வீரத்துக்கு இந்தக் கதையின் தயவு தேவையில்லை.

எஞ்சினியர் என்றதும் இன்னொன்று: நம் கடற்படையில் இந்தியர்களில் முதலில் அதிகாரியானவர் டி.என். முகர்ஜி. 1928-ல், அன்று ராயல் இந்தியன் மரீன் என்ற பெயரில் இருந்த அந்தப் படையில் எஞ்சினியர் சப்-லெப்டினன்டாகச் சேர்ந்தார். நம் கடற்படை அதிகாரிகளின் வரிசை எஞ்சின் அறையிலிருந்து தொடங்குகிறது என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

5. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இதில் தடுக்கி விழாத ஆளே இல்லை. பழைய கண்ணாடித் தகடுகளும் முந்தைய காலப் பிலிம்களும் எல்லா நிறத்தையும் ஒரே கண்ணோடு பார்க்கவில்லை. நீலம் அவற்றுக்கு நன்றாகத் தெரியும், சிவப்பு தெரியவே தெரியாது. விளைவு தலைகீழ். டாக்டரின் கருஞ்சிவப்புத் துணி படத்தில் கறுப்பாக விழுந்து கோட்டோடு கோட்டாக மறைந்துபோகும். அவரை வண்ணமே இல்லாத பிரிவில் சேர்த்துவிடுவோம். வெளிர்நீலம் வெளுத்து, பேமாஸ்டரின் வெள்ளை போலத் தெரியும். இன்னும் மோசமானது பொன்னிறம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தகடுகளில் மஞ்சள் கறுத்துவிடும். தகதகக்க வேண்டிய சரிகை கோட்டின் நிறத்துக்கு இறங்கியிருக்கும். வெளிச்சம் நேராகப் பட்டு மின்னிய இடத்தில் மட்டும் கோடு தெரியும். மூன்று பட்டை என்று எண்ணுவீர்கள், மடிப்பின் நிழலில் நான்காவது ஒளிந்திருக்கும்.

என்ன செய்யலாம்? படத்தைப் பெரிதாக ஸ்கேன் செய்து, வெளிச்சத்தையும் கருமையையும் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். நிறத்தைத் தேடாதீர்கள், நெசவைத் தேடுங்கள். சரிகையில் குறுக்கே ஓடும் இழை வரி இருக்கும்; கம்பளித் துணியில் இருக்காது. பட்டைகளுக்கு இடையில் உள்ள பரப்பு கோட்டைவிட ஒரு பொட்டு உயர்ந்து, ஓரம் கட்டியது போலத் தெரிந்தால் அங்கே தனித் துணி இருக்கிறது என்று அர்த்தம். என்ன நிறம் என்பதை அதன் பிறகு பதிவேட்டில் தேடிக்கொள்ளலாம். ஸ்டுடியோக்காரர் கையால் வண்ணம் தீட்டிய படமாக இருந்தால், அவர் கிண்ணத்தில் என்ன வண்ணம் மிச்சமிருந்ததோ அதுதான் படத்தில் இருக்கும்.

6. இடது வலது என்று எழுதும்போது அணிந்தவரின் இடது வலது.

தகரத்தில் எடுத்த பழைய படங்கள் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறியிருக்கும். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டாலும் அப்படித்தான். தொப்பி நாடாவில் எழுத்து இருந்தால் அதைப் படியுங்கள், உடனே தெரிந்துவிடும். போர்க்காலத்தில் கப்பல் பெயரை மறைத்து வெறும் ‘எச்.எம்.எஸ்.’ என்று மட்டும் போட்டார்கள். ‘எச்.எம்.ஐ.எஸ்.’ என்றிருந்தால் அதிர்ஷ்டம்தான்: ராயல் இந்தியன் நேவி, 1934 அக்டோபருக்கும் 1950 ஜனவரிக்கும் இடைப்பட்ட காலம்.

7. நெளியும் பின்னலும் நேர்ப்பட்டையும் மூன்று வெவ்வேறு வாழ்க்கைகள்.

நேராக ஓடும் பட்டை முழுநேரக் கடற்படை. பட்டை நெளி மோதிரம் போல அலையலையாக ஓடினால் வாலண்டியர் ரிசர்வ். இரண்டு மெல்லிய இழைகள் ஒன்றை ஒன்று பின்னிச் சங்கிலி போல ஓடினால் ரிசர்வ். ரிசர்வ் 1859-ல் சட்டமானது; வணிகக் கப்பலில் பிழைப்பு நடத்தி, போர் வந்தால் கடற்படைக்கு வருகிற தொழில் மாலுமிகள் அதில் இருந்தார்கள். வாலண்டியர் ரிசர்வ் 1903-ல் வந்தது. வக்கீல், வங்கி எழுத்தர், பள்ளி ஆசிரியர் என்று கரையில் இருந்தவர்கள் அதில் சேர்ந்தார்கள். பின்னல் போட்டவருக்குக் கடல் தெரியும், கடற்படை புதிது. நெளி போட்டவருக்கு இரண்டுமே புதிது. பதவி ஒன்றாக இருந்தாலும் ஆள் ஒன்றல்ல என்பதை இந்த ஒரு வேற்றுமை சொல்லிவிடுகிறது.

இந்தியாவிலும் இரண்டாம் உலகப் போரையொட்டி இதே இரட்டை வழி வந்தது: ராயல் இந்தியன் நேவல் ரிசர்வ், ராயல் இந்தியன் நேவல் வாலண்டியர் ரிசர்வ். தமிழ்க் குடும்பங்களில் அதிகாரியாக இருந்தவரின் போர்க்காலப் படம் வந்தால் நெளியை எதிர்பார்த்தே லென்ஸை எடுங்கள். இலங்கையில் 1937 சட்டப்படி தொடங்கிய கடற்படைத் தொண்டர் படை போரின் நடுவே சிலோன் ராயல் நேவல் வாலண்டியர் ரிசர்வ் ஆயிற்று. யாழ்ப்பாணம், கொழும்புக் குடும்பங்களின் படங்களில் அதையும் நினைவில் வையுங்கள். பிரிட்டனில் 1951-ல் நெளியையும் பின்னலையும் எடுத்துவிட்டு எல்லோருக்கும் நேர்ப்பட்டை கொடுத்தார்கள். ரிசர்வ்காரரின் சுழிக்குள் ஆங்கில ‘ஆர்’ எழுத்து வந்து உட்கார்ந்தது. போர்க்கால நெளிச் சுழிக்குள் ‘ஏ’ எழுத்தைப் பார்த்தால் அவர் விமானப் பிரிவு.

போர்க்காலத்தில் இன்னொன்றும் செய்தார்கள். சரிகையை மிச்சப்படுத்தப் பட்டையைக் கையைச் சுற்றி முழு வளையமாகத் தைக்காமல் வெளிப்பக்கம் மட்டும் அரை வளையமாகத் தைத்தார்கள். உள்பக்கம் வெறுமையாக இருக்கிறதே, யாரோ பிய்த்துவிட்டார்கள் என்று பதறாதீர்கள்.

8. வி பட்டை பதவி அல்ல.

நம் ஊர்க் கண்ணுக்கு இது பெரிய பொறி. மேல்கையில் மூன்று வி வடிவப் பட்டை இருந்தால் ஏட்டு என்று மூளை தானாகச் சொல்லும். போலீசிலும் தரைப்படையிலும் அது சரி. ராயல் நேவி, ராயல் இந்தியன் நேவி மாலுமிகளின் இடது கையில் இருக்கும் வி பட்டை, நன்னடத்தைக்காகக் கொடுத்தது. 1849-ல் தொடங்கியது. இத்தனை ஆண்டு தண்டனை இல்லாமல் வேலை பார்த்தார் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. நீண்ட காலம் நடப்பில் இருந்த கணக்குப்படி மூன்று, எட்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு ஒவ்வொன்று. மூன்றுக்கு மேல் கிடையாது. மூன்று பட்டையும் போட்டுக்கொண்டு, பதவி உயர்வே இல்லாமல் சாதாரண ஏபிள் சீமனாகவே இருந்த பழுத்த ஆட்கள் ஒவ்வொரு கப்பலிலும் இருந்தார்கள். கப்பலின் மூலை முடுக்கு அவர்களுக்குத் தெரியும், தேர்வு எழுதத்தான் மனம் வரவில்லை. பேரன் பேத்திகள் அவரைச் சார்ஜென்ட் ஆக்கி வைத்திருப்பார்கள். மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள்.

பதவி, வி பட்டைக்கு மேலே இருக்கிறது. ஒற்றை நங்கூரம் என்றால் லீடிங் சீமன். கப்பலில் அவரை ‘கில்லிக்’ என்பார்கள். இரண்டு நங்கூரம் குறுக்காக நின்று மேலே முடி இருந்தால் பெட்டி ஆபீசர். சீஃப் பெட்டி ஆபீசருக்கு இந்தக் கைச் சின்னம் கிடையாது. கோட்டின் கைமுனையில் மூன்று பெரிய பொத்தான்கள் இருக்கும். பட்டையைத் தேடிப் பழகிய கண் பொத்தானைத் தாண்டிப் போய்விடும். மாலுமிகளிலேயே மேலான ஆளை ‘சின்னம் இல்லை’ என்று எழுதிவைப்போம்.

வலது கை தொழிலைச் சொல்லும். குறுக்குப் பீரங்கி என்றால் பீரங்கிப் பயிற்சி, குறுக்குக் கொடிகள் என்றால் சிக்னல், சிறகும் மின்னலும் சேர்ந்திருந்தால் தந்தி, கப்பல் விசிறி என்றால் எஞ்சின் அறையின் ஸ்டோக்கர். ஒரே சின்னம் முதல்தர உடையில் பொன்னிழையிலும், அன்றாட நீல உடையில் சிவப்பிலும், வெள்ளை உடையில் நீலத்திலும் வரும். நிறம் மாறியதால் பதவி மாறவில்லை. 1946 பிப்ரவரியில் பம்பாய் ‘தல்வார்’ தளத்தில் தொடங்கிய கடற்படை எழுச்சியின் முன்வரிசையில் சிக்னல், தந்திப் பிரிவு இளைஞர்கள் நின்றார்கள். ‘தல்வார்’ அந்தத் தொழிலுக்கான பயிற்சித் தளம். அந்தக் காலப் படம் கிடைத்தால் முதலில் வலது கையைப் பாருங்கள்.

9. வணிகக் கப்பல் தனி உலகம்.

முதல் உலகப் போர் வரை ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு சீருடை வைத்திருந்தது. 1918-ல் பிரிட்டிஷ் அரசு வணிகக் கப்பல்களுக்கு ஒரு பொதுச் சீருடையை அறிவித்தது. அதில் சுழி இல்லை. பட்டைகளின் நடுவே சாய்சதுர வடிவில் ஒரு வைரம் இருக்கும். மாஸ்டருக்கு நான்கு, சீஃப் ஆபீசருக்கு மூன்று, செகண்ட் ஆபீசருக்கு இரண்டு என்று இறங்கும். அதற்குப் பிறகும் பெரிய கம்பெனிகள் சில தங்கள் பாணியை விடவில்லை. எனவே வணிகக் கப்பல் படத்தில் கைக்கு முன் தொப்பிச் சின்னத்தையும் பொத்தானையும் பாருங்கள். கம்பெனிக் கொடி பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

நாகப்பட்டினம், காரைக்கால், கடலூர் வீடுகளிலிருந்து வரும் படங்களில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல்கள் அடிக்கடி தலை காட்டும். அதன் ‘ராஜுலா’ 1926 முதல் 1973 வரை ஓடியது. மதராஸ், நாகையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போன நம்மவர்களில் எத்தனையோ பேர் அதில் ஏறினார்கள். புகைபோக்கியில் கறுப்பின் மேல் இரண்டு வெள்ளை வளையம் இருந்தால் அந்தக் கம்பெனி. அந்தப் படங்களில் பட்டை போட்டு நிற்பவர்களில் வெள்ளைக்காரர்களே மிகுதி. இந்திய இளைஞர்களை அதிகாரிகளாகப் பயிற்றுவிக்க ‘டஃபரின்’ பயிற்சிக் கப்பல் பம்பாயில் 1927-ல்தான் வந்தது. அதற்கு முன்பு கப்பலை உண்மையில் ஓட்டிய இந்திய மாலுமித் தலைவர்களான சாரங்குக்கும் தண்டலுக்கும் கையில் பட்டை கிடையாது. சாரங்கின் அடையாளம் கழுத்துச் சங்கிலியில் தொங்கும் வெள்ளி ஊதல். வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’யை 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை ஓட்டிக் கொண்டுபோனவர்களுக்கு எந்தச் சீருடைக் கம்பெனியும் பட்டை தைக்கவில்லை.

துறைமுக பைலட், சுங்க அதிகாரி, பிற்காலத்தில் விமான ஓட்டி என்று கரையிலும் வானத்திலும் இருந்தவர்களும் இதே பட்டையைப் போட்டார்கள். நான்கு பட்டை போட்டவர் கடலையே பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

10. வெள்ளை உடுப்பில் கையைத் தேடாதீர்கள்.

மதராஸ், கொழும்பு, திருகோணமலை வெயிலில் எடுத்த படங்களில் பாதி வெள்ளை டூனிக்கில்தான் இருக்கும். அதன் கையில் பட்டை தைப்பதில்லை. தோளில் பொருத்தும் கெட்டித் தோள்பட்டைக்குக் கோடும் சுழியும் ஏறிவிடும். நேராக நின்று எடுத்த படத்தில் அதன் முன்முனை மட்டும் தெரியும், எண்ண முடியாது. எண்ண முடியவில்லை என்றே எழுதுங்கள்.

11. நீலப் பட்டை, சாய்சதுரம்: பெண்கள்.

பெண்கள் கடற்படைப் பிரிவு 1917-ல் பிரிட்டனில் தொடங்கி, 1919-ல் கலைந்து, 1939-ல் மீண்டது. பொன்னுக்குப் பதில் நீலப் பட்டை, சுழிக்குப் பதில் சாய்சதுரம். பொன் கிடைக்க 1990 ஆயிற்று. கறுப்பு வெள்ளைப் படத்தில் சாய்சதுரத்தைப் பார்த்து வணிகக் கப்பல் என்று எழுதிவிடாதீர்கள், ஆளையும் பாருங்கள்.

12. கோட்டே கையில் கிடைத்தால் விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள்.

படத்தைவிடக் கோட்டு அதிகம் பேசும். மேசையில் மெத்தென்ற துணி விரித்து, கையைப் பரப்பி, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். பட்டை இருந்த இடத்தில் கம்பளி வெயில் படாமல் கருநீலமாகவே இருக்கும், சுற்றிலும் வெளுத்திருக்கும். அந்தக் கருநிழலின் இரு ஓரத்திலும் வரிசையாக ஊசித்துளைகள் தெரியும். இப்போதுள்ள பட்டைக்கும் அந்தத் துளை வரிசைக்கும் பொருந்தவில்லை என்றால் இரண்டில் ஒன்று. அணிந்தவர் பதவி உயர்ந்து தையல்காரர் பட்டையை மாற்றித் தைத்திருக்கலாம். அல்லது விற்றவர் விலை உயர்த்தத் தைத்திருக்கலாம். பதவி உயர்வென்றால் பழைய பட்டையை ஒட்டிப் புதிது ஏறியிருக்கும். நூலிலும் சாயத்திலும் வயது தெரியும். விற்றவர் கைவேலையில் கருகிய பட்டைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் பளபளக்கும். பழைய சரிகை வெள்ளி இழைக்குப் பொன் பூசியது. காலப்போக்கில் வெள்ளி கறுத்து வெளியே வரும். மடிப்பில் இன்னும் கறுத்திருக்கும். பிற்காலச் செயற்கைச் சரிகை கறுக்காது. புற ஊதா விளக்கு வைத்திருந்தால் அடியுங்கள்: நூல் பளீரென்று வெள்ளையாக ஒளிர்ந்தால், அது பெரும்பாலும் போருக்குப் பிந்தைய நூல்.

உள்பையின் மேல் தையல்காரர் சீட்டு இருக்கிறதா பாருங்கள். கடற்படைத் தையல்காரர்கள் வாங்கியவர் பெயரையும் தேதியையும் மையால் எழுதித் தைப்பார்கள். ‘கீவ்ஸ் அண்ட் ஹாக்ஸ்’ என்று இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் கோட்டு 1974-க்கு முந்தியது அல்ல. எந்தக் கதையும் இந்தச் சீட்டுக்கு முன் நிற்காது.

13. புளி போட்டுத் துலக்காதீர்கள்.

பொத்தானையும் துலக்க வேண்டாம், சரிகையையும் துலக்க வேண்டாம். குத்துவிளக்கல்ல அது. மேலே இருக்கும் மெல்லிய பொன்பூச்சு ஒரே தேய்ப்பில் போய்விடும், அதோடு ஆதாரமும் போய்விடும்.

14. பொத்தான் காலம் சொல்லும், சாட்சி சொல்லாது.

கயிறு சுற்றிய நங்கூரத்தின் மேல் உள்ள முடியின் வடிவத்தைப் பாருங்கள். 1901-க்குப் பிறகு அரசர்கள் காலத்தில் முடியின் வளைவுகள் மேல்நோக்கிக் குவிந்து நிற்கும். 1952-க்குப் பிறகு எலிசபெத் அரசி காலத்தில் உச்சியில் குழிந்து தோள் போல இறங்கும். இந்தியா குடியரசானதும் முடி போய் அசோகச் சிங்கம் வந்தது. ஆனால் பொத்தானை ஐந்து நிமிடத்தில் மாற்றித் தைக்கலாம். சிக்கன மனிதர்கள் பழைய கோட்டுக்குப் புதுப் பொத்தான் போட்டு ஓட்டினார்கள். பொத்தானும் பட்டையும் சீட்டும் ஒரே காலத்தைச் சொன்னால் நம்புங்கள்.

15. மற்ற நாட்டுக் கைகள்.

அமெரிக்க அதிகாரிக்குச் சுழி கிடையாது. பட்டைக்கு மேல் நட்சத்திரமோ, பிரிவுச் சின்னமோ இருக்கும். கேடயம் இருந்தால் கடலோரக் காவல்படை. அமெரிக்க மாலுமியின் முன்கையில் சாய்வாக இருக்கும் கோடுகள் வேலை பார்த்த ஆண்டுகள், நான்கு ஆண்டுக்கு ஒன்று. 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட ‘எம்டன்’ காலத்து ஜெர்மன் அதிகாரிகளுக்குப் பட்டைக்கு மேல் முடி. ஹிட்லர் காலத்தில் நட்சத்திரம், எஞ்சினியருக்குப் பற்சக்கரம். ஜப்பானியர் பிரிட்டிஷ் சுழியையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அன்றாடக் கருநீல உடுப்பில் அது கறுப்புப் பட்டையாக இருக்கும், படத்தில் கண்ணுக்குச் சிக்காது.

16. ‘கேப்டன் தாத்தா’வை ஆராயாமல் ஏற்காதீர்கள், உடைக்கவும் அவசரப்படாதீர்கள்.

நம் வீடுகளில் கப்பலில் பட்டை போட்ட எல்லோரும் கேப்டன். சிறு கப்பலுக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்டையும் அந்தக் கப்பல் ஆட்கள் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள். வணிகக் கப்பல் மாஸ்டரையும் அப்படித்தான். தரைப்படைக் கேப்டன் கடற்படை லெப்டினன்டுக்குச் சமம், அதாவது இரண்டு பட்டை. குடும்பம் பொய் சொல்லவில்லை, அழைத்த பெயரைச் சொல்கிறது. பதவியைக் ‘கடற்படைப் பட்டியல்’ என்ற அரசு வெளியீட்டிலும் லண்டன் கெஜட்டிலும் பெயரைத் தேடி உறுதி செய்யுங்கள். பட்டியல் 1814 முதல் வருகிறது. பழைய தொகுதிகள் பல இன்று ஸ்கேனாகவே படிக்கக் கிடைக்கின்றன. ராயல் நேவி அதிகாரிகளின் பணிப் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

குறிப்பு எழுதும்போது முதலில் பார்த்ததை எழுதுங்கள்: “இடது கை, நெளிப் பட்டை இரண்டு, சுழி உண்டு, நடுத் துணி தெரியவில்லை, மூன்று பொத்தானில் அரசர் காலத்து முடி.” அடுத்த வரியில் நினைப்பதை எழுதுங்கள்: “வாலண்டியர் ரிசர்வ் லெப்டினன்டாக இருக்கலாம், 1939–45.” இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள், நாளை உங்களைவிடத் தெரிந்தவர் வந்தால் இரண்டாவது வரியை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்ளட்டும். படத்தை அனுப்புகிறவர்களிடம் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். முன்பக்கத்து முகத்தை வெட்டி அனுப்பிவிட்டு, ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் இருந்த அட்டையைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.